வயலுக்கு வரும் யானையை வெளிநாட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கதிர் முற்றுகிற நேரம் பார்த்து யானை வந்து ஒரே இரவில் இரண்டு ஏக்கரை மிதித்துவிட்டுப் போய்விட்டது. யானை வெடிக்கும் அசையவில்லை. நாடுகள் ஒன்றுக்கொன்று மிருகங்களை அன்பளிப்பாகக் கொடுக்கின்றன என்று செய்திகளில் பார்க்கிறோம். எங்கள் பக்கத்து யானைகளைப் பிடித்து, கேட்கிற நாட்டுக்குக் கொடுத்துவிட்டால் எங்களுக்கும் நிம்மதி, நாட்டுக்கும் நல்ல பெயர்தானே? அப்புறம், தாய்லாந்து கொடுத்த யானையை அவர்களே ஏன் திருப்பிக் கொண்டுபோனார்கள்? கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது முறையா?"

தம்பி, எங்கள் குடும்ப வயலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில்தான் இருந்தது. அப்பாவோடு காவல் குடிசையான வாடியில் படுத்து, தகரம் தட்டி, பந்தம் கொளுத்தி இரவு முழுக்க விழித்திருந்த பிள்ளை நான். விடியப் போய்ப் பார்க்கும்போது வயலின் நடுவே கூடையளவு காலடிகள் சேற்றில் பதிந்து, அதற்குள் தண்ணீர் நின்றது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. அதனால் உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் வழி நடக்காது. நடந்தாலும் உங்கள் வயலுக்கு வரும் யானை அதனால் குறையாது. ஏன் என்று சொல்ல, இந்த அன்பளிப்பு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யானையைப் பிடித்து அனுப்புவது நமக்குப் புதியதல்ல. போரதீவுப்பற்றில் ஆனைகட்டியவெளி என்று ஊருக்கே பெயர் இருக்கிறது. ஏறாவூர்ப் பணிக்கர்மாரைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எருமைத் தோலிலும் மான் தோலிலும் திரித்த கயிற்றோடு காட்டுக்குள் போய், பின்னங்காலில் சுருக்குப் போட்டு, யானையை மரத்தில் கட்டிவிடுகிற முஸ்லிம் குடும்பங்கள் அவை. இரண்டு மூன்று பேர் துவக்கு இல்லாமல் இதைச் செய்ததை 19ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த ஆங்கில அதிகாரிகள் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பிடித்த யானைகள் இலங்கையிலிருந்து கடல் கடந்து போயின. வடக்கே ஆனையிறவு என்ற பெயரும், ஊர்காவற்றுறைக்குப் போர்த்துக்கேயர் வைத்த யானைத்துறை என்ற பொருள் கொண்ட பெயரும் அந்த வணிகம் விட்டுச்சென்ற அடையாளங்கள். கய்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் சொல்வது அந்தப் போர்த்துக்கேயப் பெயரின் தேய்வுதான்.

வணிகத்துக்குப் பக்கத்திலேயே அன்பளிப்பும் நடந்தது. பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பர்மா மீது படை அனுப்பியதற்குச் சூளவம்சம் சொல்லும் காரணங்களில் யானை முக்கியமானது. இலங்கையிலிருந்து பரிசுப் பொருள் ஏற்றிவரும் கப்பலுக்கு ஒரு யானையைக் கொடுத்து அனுப்புவது அங்கே பழைய வழக்கமாம். அந்த நாட்டு அரசன் அதை நிறுத்தினான், விற்கிற யானையின் விலையையும் ஏற்றினான். தூதர்களையும் அவமதித்தான் என்று சேர்த்துச் சொல்கிறது அந்த நூல். ஒரு அன்பளிப்பு நின்றதும் உறவு கெட்டுப் போருக்குப் போயிருக்கிறது என்றால், அரசர்களுக்கு யானை எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பாருங்கள். பொன்னும் பட்டும் எல்லா அரசனிடமும் இருந்தன. உயிரோடு நிற்கிற மலை போன்ற ஒன்று எல்லாரிடமும் இல்லை.

ஐரோப்பாவிலும் அதுதான் நடந்தது. பக்தாத்தின் கலீபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய அபுல் அப்பாஸ் என்ற யானை 802இல் சார்லமேன் மன்னனிடம் போய்ச் சேர்ந்தது. 1514இல் போர்த்துக்கல் அரசன் மனுவேல், ஹன்னோ என்ற வெள்ளை யானையைப் போப்பாண்டவர் பத்தாம் லியோவுக்குக் கொடுத்தான். ரோமில் அது இரண்டு ஆண்டுதான் உயிரோடு இருந்தது.

இந்த வரிசையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஹன்ஸ்கன் என்ற பெண் யானை. 1630 அளவில் இலங்கையில் பிறந்த குட்டி. 1633இல் ஒல்லாந்தர் கப்பலில் ஆம்ஸ்டர்டாம் போய், இளவரசர் பிரெடெரிக் ஹென்ட்ரிக்கின் கைக்குக் கிடைத்தது. பிறகு கைமாறிக் கைமாறி, காசுக்கு வித்தை காட்டும் யானையாகி, ஐரோப்பா முழுக்க நடந்தே திரிந்தது. 1637இல் ஓவியர் ரெம்ப்ராண்ட் அதைப் பார்த்துக் கரிக்கோலால் வரைந்தார். அந்தப் படத்தில் தோலின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். 1655இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரச் சதுக்கத்தில் அது செத்தது. எலும்புக்கூடு இன்றும் அந்த நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆசிய யானை இனத்துக்கு எலிபஸ் மேக்சிமஸ் என்ற அறிவியல் பெயர் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு ஆதார உடலாக 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தது இந்த எலும்புக்கூட்டைத்தான். ஒரு இனத்துக்கே அடையாளமாக நிற்பது நம் காட்டில் பிறந்து, இருபது ஆண்டுக்கு மேல் இன்னொரு யானையின் துணையில்லாமல் குளிர் நாடுகளில் நடந்த குட்டி.

சரி, இப்போது நம் காலத்துக்கு வருவோம். இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

சுதந்திரம் அடைந்த பிறகும் இலங்கை யானைகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1976இல் இலங்கைச் சிறுவர்கள் சார்பில் அமெரிக்கச் சிறுவர்களுக்கு என்று சாந்தி என்ற அநாதைக் குட்டி வாஷிங்டன் போனது. 1984இல் அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அமெரிக்கா போனபோது அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கு ஜெயத்து என்ற குட்டியை வெள்ளை மாளிகைப் புல்வெளியில் வைத்துக் கொடுத்தார். ரீகனின் கட்சிக்கும் யானைச் சின்னம், ஜே.ஆரின் கட்சிக்கும் யானைச் சின்னம். அதனால் படம் அழகாக வந்தது. ஜெயத்து அதே ஆண்டே செத்துப்போனது. இரண்டு வயதும் நிறையாத குட்டி அது. சாந்திக்கு விதி வேறு. அது வாஷிங்டனில் 2020 வரை வாழ்ந்தது, குட்டியும் போட்டது, நல்ல வைத்தியமும் கிடைத்தது. ஆகவே, போன யானை எல்லாம் துன்பப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எது எங்கே போகிறது, யார் கையில் விழுகிறது என்பது அந்தக் குட்டியின் அதிர்ஷ்டம். கொடுத்த நாடு அதற்குப் பொறுப்பு எடுத்ததில்லை.

காவன் என்ற யானையின் கதை அதற்குச் சாட்சி. 1985இல் ஒரு வயதுக் குட்டியாக இருந்தபோது இலங்கை அதைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. அப்போது அங்கே ஜெனரல் சியா உல் ஹக் ஆட்சி. இஸ்லாமாபாத் மிருகக்காட்சிசாலையில் ஒரு சின்ன வளவு. ஆண்டுக்கணக்காகச் சங்கிலி. துணைக்கு இருந்த சஹேலி என்ற பெண் யானை 2012இல் செத்தது. அதன் பிறகு எட்டு ஆண்டு தனியாக நின்றது. நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். பார்க்க வந்தவர்கள் அதை ஆட்டம் என்று நினைத்துச் சிரித்திருப்பார்கள். அது மனம் உடைந்த யானை செய்வது. பாடகி ஷெர் முதல் பலர் உலகமெங்கும் குரல் கொடுத்தார்கள். 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதை விடுவிக்கச் சொன்னது. அந்த நவம்பர் இறுதியில் விமானத்தில் கம்போடியாவின் சரணாலயம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறங்கியபின், எட்டு ஆண்டுக்குப் பிறகு முதல் தடவையாக இன்னொரு யானையின் தும்பிக்கையைத் தொட்டது.

அந்தப் படத்தை நான் பார்த்தபோது சந்தோஷத்தோடு வெட்கமும் வந்தது. 35 வருடம் ஒரு இலங்கைக் குட்டி அப்படி நின்றிருக்கிறது. குரல் கொடுத்தவர் அமெரிக்கப் பாடகி. தீர்ப்புச் சொன்னது பாகிஸ்தான் நீதிமன்றம். இடம் கொடுத்தது கம்போடியா. கொடுத்த நாங்கள் எங்கே இருந்தோம்?

நீங்கள் கேட்ட தாய்லாந்து யானை, முத்துராஜா, அதே கதையின் மறுபக்கம். அங்கே நாங்கள் கொடுத்தவர்கள், இங்கே வாங்கியவர்கள். 2001இல் தாய்லாந்து இலங்கைக்குக் கொடுத்த மூன்று யானைகளில் ஒன்று. தாய்லாந்தில் அதன் பெயர் சக் சுரின். தென்பகுதி விகாரை ஒன்றில் வைத்திருந்தார்கள். பல ஆண்டுக்குப் பிறகு பார்த்தால் உடம்பில் சீழ்ப் புண்கள், முன்னங்கால் ஒன்றை மடக்கவே முடியவில்லை. இலங்கையின் மிருக நல ஆர்வலர்கள் விடாமல் முறையிட்டார்கள், தாய்லாந்தும் கேட்டது. 2022 இறுதியில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு மாற்றினார்கள். 2023 ஜூலை 2ஆம் திகதி, விசேடமாகச் செய்த கூட்டில் ஏற்றி, பெரிய சரக்கு விமானத்தில் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குக் கொண்டுபோனார்கள். பயணச் செலவு ஏறக்குறைய 7 இலட்சம் டொலர். இங்கே பொருளாதார நெருக்கடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த யானைக்கு நேர்ந்ததற்காகத் தாய்லாந்து மன்னரிடம் வருத்தம் தெரிவித்ததாக அப்போதைய பிரதமர் தினேஷ் குணவர்தன பாராளுமன்றத்தில் சொன்னார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது முறையா என்று கேட்டீர்கள். தம்பி, நம் பக்கத்துப் பெரிய வயற்காரரான போடியார் ஒருவர் தன் பட்டியில் நின்ற நல்ல இளம் பசு ஒன்றை மருமகனுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்த வழியால் போகும்போது அது விலா எலும்பு தெரிய, காலில் புழுவோடு நிற்கிறது. அவர் என்ன செய்வார்? கயிற்றை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். தாய்லாந்து செய்தது அதைத்தான். என் மனதுக்கு அது முறைதான். காவனுக்காக நாங்களும் அதைச் செய்திருக்க வேண்டும்.

சீனா இதில் தெளிவாக இருக்கிறது. 1972இல் நிக்சன் சீனா போய் வந்த பிறகு இரண்டு பண்டாக்களை அமெரிக்காவுக்குச் சும்மா கொடுத்தார்கள். 1980களில் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, இரவலாக மட்டும் அனுப்பத் தொடங்கினார்கள். இப்போது பெரும்பாலும் பத்து ஆண்டு ஒப்பந்தம், ஒரு சோடிக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் வரை, பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம். பண்டாவைக் காட்டி அவர்கள் நடத்தும் அரசியல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அனுப்பிய மிருகத்தைத் தன்னுடையது என்று தொடர்ந்து கவனிப்பது பிடிக்கும்.

எல்லா அன்பளிப்பும் வெறும் படத்துக்காக என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. போர் நேரத்தில், 1943இல், டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிசாலையில் மூன்று யானைகளையும் பட்டினி போட்டுக் கொன்றார்கள். குண்டு விழுந்து மிருகங்கள் வெளியே ஓடிவிடும் என்ற பயம். போர் முடிந்ததும் அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்கு ஒரு யானை வேண்டும் என்று நேருவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். அவர் 1949இல் மைசூர் யானை ஒன்றைத் தன் மகளின் பெயரான இந்திரா என்ற பெயரோடு அனுப்பினார். அது 1983 வரை அங்கே வாழ்ந்தது. போரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு யானை வந்திறங்குவது என்ன என்பதைக் கிழக்கு மாகாணத்துக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் மனம் இளகிவிடும்.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். மேலே சொன்ன யானைகளைத் திரும்பப் பாருங்கள். ஹன்ஸ்கன் குட்டி, ஜெயத்து குட்டி, சாந்தி குட்டி, காவன் குட்டி. வெளிநாட்டுக்குப் போவது பெரும்பாலும் குட்டிதான். கூட்டுக்குள் அடங்கும், பழகும், பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். உங்கள் வயலை மிதித்தது குட்டியா? நிச்சயமாக இருக்காது. வயலுக்கு அடிக்கடி வருவது வளர்ந்த ஆண் யானை. நம் ஆட்கள் தனியன் என்று சொல்வது அதைத்தான். ஆண் யானை பத்துப் பதினைந்து வயதில் தாய்க் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். பிறகு தன் பலத்தை நம்பித் துணிந்து இறங்கும். நான்கு ஐந்து தொன் எடையுள்ள, மதம் பிடிக்கிற ஆண் காட்டு யானையை எந்த நாட்டு மிருகக்காட்சிசாலை கேட்கப் போகிறது? கேட்டாலும், மனிதரோடு பழகிய முத்துராஜாவை ஏற்றி அனுப்பவே 7 இலட்சம் டொலர். 2011இல் நாடு முழுக்க எண்ணியபோது 5,879 யானைகள். கணக்கு எந்தப் பக்கத்தாலும் சரிவராது.

சட்டமும் விடாது. அழிந்துபோகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979 முதல் இருக்கிறது. ஆசிய யானை அதில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் வருகிறது. கொடுக்கும் நாடு, வாங்கும் நாடு இரண்டும் அனுமதிப் பத்திரம் தர வேண்டும். நாட்டுக்குள்ளும் மக்கள் முன்போல் இல்லை. 2016இல் நியூசிலாந்துப் பிரதமர் ஜோன் கீ வந்தபோது பின்னவலை யானைகள் காப்பகத்தில் நின்ற நந்தி என்ற குட்டியைக் கொடுப்பதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே பல அமைப்புகள் சேர்ந்து நீதிமன்றம் போயின. நந்தி விமானம் ஏறவில்லை.

சரி, வெளிநாடு வேண்டாம், பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடலாமே என்று அடுத்து கேட்பீர்கள். அதைச் செய்து பார்த்தாகிவிட்டது. யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் அப்படி இடம் மாற்றிய ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பி நடந்தன. சில எங்கும் நிலைக்காமல் அலைந்தன. சில விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கின. மொத்தத்தில் மனிதரோடு மோதல் கூடியது, யானைச் சாவும் கூடியது. நீங்கள் போக்கிய யானை இன்னொரு ஊர் வயலில் நிற்கும், அவ்வளவுதான்.

அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். பொலித்தீனும் அழுகிய மரக்கறியும் கலந்த குவியலில் யானைகள் நின்று தும்பிக்கையால் கிளறிக்கொண்டிருந்தன. அதைத் தின்று செத்த யானைகளை அறுத்துப் பார்த்தபோது வயிற்றுக்குள் பிளாஸ்டிக் இருந்தது. கல்லோயாவில் சேனாநாயக்க சமுத்திரத்தை நீந்திக் கடக்கிற யானைகள் உள்ள அதே மாவட்டம்தான். 2022, 2023 இரண்டு ஆண்டிலும் தலா 400க்கு மேற்பட்ட யானைகள் இந்த நாட்டில் செத்தன. அதே காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மனிதரையும் யானைகள் கொன்றன. இதில் நம் ஊர்ச் சாவுகளும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

அப்படியென்றால் என்ன செய்வது? மின்வேலி. ஆனால் எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல இடங்களில் வேலியை வனஜீவராசிகள் திணைக்களக் காட்டின் எல்லைக் கோட்டில் போட்டிருக்கிறார்கள். யானை வேலிக்கு இரண்டு பக்கமும் நிற்கும்போது அந்த வேலி என்ன செய்யும்? வயலைச் சுற்றி, விதைத்ததும் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிற வேலி வேறு விதம். விவசாயிகளே காசு சேர்த்து, முறை வைத்துப் பராமரிக்கிறார்கள். வெட்டிய பிறகு வேலியை எடுத்துவிட்டால் யானைகள் வந்து தாளையும் புல்லையும் மேய்ந்துவிட்டுப் போகும். அப்போது யாருக்கும் நட்டமில்லை. வடமேற்கில் பல ஊர்களில் இது வேலை செய்திருக்கிறது. தன் வயல் வேலி என்பதால் கம்பியில் படரும் கொடியைக் கூட ஆட்கள் விடுவதில்லை. அரச வேலியில் அந்தக் கவனம் இருப்பதில்லை.

உங்கள் வயல் கண்டத்தில் எத்தனை பேர், எத்தனை ஏக்கர், யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்பதை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பு விவசாய அமைப்பில் இதைப் பேச வேண்டும். கமநல உத்தியோகத்தரும் வனஜீவராசிகள் உத்தியோகத்தரும் ஒரே மேசையில் இருக்கும் நாள் அது. எனக்கு நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.